பிலிப்பைன்ஸ் பழங்குடியினரின் மூலிகைகள்: தெரிந்த செடிகள், தெரியாத மருந்துகள்

கேள்வி இதுதான்: பிலிப்பைன்ஸ் பழங்குடி மக்கள் என்னென்ன மூலிகைகளைப் பயன்படுத்துகிறார்கள், எப்படித் தயாரிக்கிறார்கள், அவற்றில் நமக்குத் தெரிந்தவை உண்டா?

கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். நிறையவே உண்டு. நொச்சி, பாகல், கொய்யா, சீமை அகத்தி, கற்பூரவள்ளி, அம்மான் பச்சரிசி, ஏழிலைப்பாலை, இரங்கூன் மல்லி என்று பாதிக்கு மேல் நம் வேலியிலும் கொல்லையிலும் நிற்பவைதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. செடியைத் தெரிந்தவுடன் மருந்தும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். எந்தப் பாகம், எந்தப் பருவம், எவ்வளவு, எத்தனை நிமிடம், எந்த வேளை என்பதெல்லாம் சேர்ந்தால்தான் ஒரு செடி மருந்தாகிறது. ஒரே செடிக்கு இந்தக் கணக்கு அங்கே வேறு, இங்கே வேறு.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். இணையத்தில் "பிலிப்பைன்ஸ் மூலிகைகள்" என்று தேடினால் வருவது பெரும்பாலும் அந்நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைத்த 10 செடிகளின் பட்டியல். 1990-களின் தொடக்கத்தில் ஹுவான் ஃபிளாவியேர் சுகாதாரச் செயலராக இருந்தபோது பரப்பப்பட்டது அது. லகுந்தி, சம்போங், நியோக்-நியோகன், அகபுல்கோ, சாங் குபாத், பன்சித்-பன்சிதன், யெர்பா புவேனா, பயாபாஸ், அம்பலாயா, பவாங் ஆகியவையே அந்தப் பத்து. இதைப் பழங்குடிப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாடு முழுவதும் எளிதில் கிடைப்பவை, ஓரளவு ஆய்வு நடந்தவை, அளவோடு கொடுத்தால் ஆபத்து குறைவு என்று தேர்ந்தெடுத்த பொதுப் பட்டியல் இது. அகபுல்கோ என்ற பெயரே மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்தைச் சொல்கிறது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் காலத்தில் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் பல பிலிப்பைன்ஸில் வேரூன்றின. கொய்யாவும் அமெரிக்கச் செடிதான். 'பயாபாஸ்' என்பது 'குவாயாபா' என்ற ஸ்பானியச் சொல்லின் திரிபு. மலைவாழ் மக்கள் இவற்றையும் தங்கள் மருந்தாக்கிக்கொண்டார்கள். பாரம்பரியம் என்றால் ஆதியிலிருந்து அசையாமல் கிடப்பது என்று யாராவது சொன்னால் இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

பழங்குடி அறிவின் அளவே வேறு. மிந்தோரோ தீவின் ஹனுனோ மங்யான் மக்களிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் ஹரோல்ட் காங்க்ளின், தமது 1954 ஆய்வேட்டில், அவர்கள் 1,600-க்கும் மேற்பட்ட தாவர வகைகளைப் பெயரிட்டுப் பிரித்தறிவதாகப் பதிவு செய்தார். அதே நிலப்பரப்பில் தாவரவியலாளர்கள் பிரிக்கும் இனங்களின் எண்ணிக்கையை விட அது அதிகம். வடக்கிலுள்ள லூசோன் தீவின் நடுப்பகுதியில் பினதுபோ எரிமலையைச் சுற்றி வாழும் அய்தா மக்களைப் பற்றி 1950-களின் தொடக்கத்தில் எழுதிய ராபர்ட் ஃபாக்ஸ், ஒரு சாதாரண ஆண்மகனே குறைந்தது 450 செடிகளின் பெயரைத் தடையின்றிச் சொல்வார் என்றும், மருத்துவர்களின் அறிவு அதையும் தாண்டியது என்றும் குறிப்பிட்டார். 110-க்கும் மேற்பட்ட பழங்குடி இனக்குழுக்கள் உள்ள நாடு அது. வடக்கே கொர்டில்லேரா மலையில் இஃபுகாவ், கங்கனாய், இபாலோய். மிந்தோரோவில் மங்யான் குழுக்கள். பலாவனில் தக்பனுவா, பதாக். தெற்கே மிந்தனாவில் மனோபோ, திபோலி, சுபானென் உள்ளிட்ட லுமாத் மக்கள். ஆகவே "பிலிப்பைன்ஸ் பழங்குடி மருத்துவம்" என்று ஒற்றை மருத்துவமுறை கிடையாது. பலருக்கும் பொதுவான செடிகளையும், அளவு உறுதியாகத் தெரிந்த முறைகளையும் மட்டும் இங்கே சொல்கிறேன்.

லகுந்தியில் தொடங்குவோம். நம் நொச்சியேதான். வடக்கே இலோக்கோஸ் பக்கம் இதற்கு 'தங்லா' என்று பெயர். நொச்சி என்றதும் நமக்கு ஆவி பிடிப்பதும் தலையணைக்குள் இலை அடைப்பதும் நினைவுக்கு வரும். அங்கே அது முதலில் குடிக்கும் மருந்து. இருமல், ஆஸ்துமா, காய்ச்சல் மூன்றுக்கும் இலைக் கஷாயம். சுகாதாரத் துறையின் அளவு: பெரியவர்களுக்கு நறுக்கிய உலர்ந்த இலை 4 மேசைக்கரண்டி, அல்லது பச்சை இலை 6 மேசைக்கரண்டி. 7 முதல் 12 வயதுக்கு அதில் பாதி. 2 முதல் 6 வயதுக்குக் கால் பங்கு, அதாவது உலர்ந்தது 1, பச்சை 1½ கரண்டி. 2 தம்ளர் தண்ணீரில் போட்டு, மூடாமல், சிறு தீயில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, மிஞ்சுவதை 3 பங்காக்க வேண்டும். இருமலுக்கும் ஆஸ்துமாவுக்கும் ஒரு நாளைக்கு 3 வேளை, வேளைக்கு ஒரு பங்கு. காய்ச்சலுக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு பங்கு. 2 வயதுக்குக் கீழ் அளவே குறிக்கப்படவில்லை. கொடுக்கக் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் எங்கே தவறு நடக்கிறது? உலர்ந்த இலைக்கும் பச்சை இலைக்கும் கரண்டிக் கணக்கு மாறுவதை மறந்துவிடுவார்கள். பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால்தான் 6 கரண்டி. அதே 6 கரண்டியை உலர்ந்த இலையில் போட்டால் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். அடுத்தது காயவைப்பது. வெயிலில் காயவைத்தால் வாசனை எண்ணெய் போய்விடும். நிழலில் பரப்பிக் கையில் நொறுங்கும் பதம் வரும்வரை விட வேண்டும். வளையும் பதத்திலேயே டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும், அந்த இலையைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாவது, கஷாயத்தை அடுத்த நாளுக்கு வைப்பது. அன்றன்று காய்ச்ச வேண்டும். இன்னொன்று, மூன்று இலை கொண்ட நீர்நொச்சியைப் பறிப்பது. கடலோரத்தில் வளரும் அந்த உறவுச் செடிக்கு அங்கே 'லகுந்திங் தகாத்' (கடல் லகுந்தி) என்று பெயர். மேலே சொன்ன அளவு ஐந்திலை நொச்சிக்குரியது.

லகுந்தி இப்போது மாத்திரையாகவும் சிரப்பாகவும் அந்நாட்டு மருந்துக் கடைகளில் விற்கிறது. மருத்துவத் தாவரங்களுக்கான தேசிய ஆய்வுத் திட்டம் பல ஆண்டுகள் செய்த வேலையின் பலன் அது. பத்தில் எல்லாவற்றுக்கும் இந்த அளவு ஆய்வு நடந்ததாக நினைக்க வேண்டாம். லகுந்தியும் சம்போங்கும் முன்னால் நிற்கின்றன, மற்றவை பின்னால்.

பாத்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லாக் கஷாயத்துக்கும் இதுவே விதி. மண்பானை அல்லது பழுதில்லாத எனாமல் பாத்திரம். இரும்புச் சட்டி வேண்டாம்; இலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுத்துப்போகும். மூடி போடாமல் காய்ச்சச் சொல்கிறார்கள். மணமுள்ள இலைகளில் இதனால் எண்ணெய் கொஞ்சம் வீணாகத்தான் செய்யும். ஆனாலும் தண்ணீர் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வற்றும் என்பதால் பங்கு பிரிக்க இதுவே வசதி. ஒரு நோய்க்குறிக்கு ஒரே ஒரு செடி என்பதும் துறையின் விதி. மக்கள் வழக்கமோ நேர் எதிர். 'பித்தோ-பித்தோ' என்றால் 'ஏழு-ஏழு'. ஏழு வகை இலையும் விதையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் கஷாயம் அங்கே வெகு பிரபலம். ஒவ்வாமை வந்தால் ஏழில் எது காரணம் என்று யாருக்கும் தெரியாது. துறையின் பக்கம் நிற்கவே எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மூன்று வேளையில் குணம் தெரியாவிட்டால் மருத்துவரிடம் போகச் சொல்வதும் அதே விதித் தொகுப்பில்தான் இருக்கிறது.

சம்போங் நமக்குப் பழக்கமில்லாத செடி. ஆள் உயரப் புதர், நீண்ட பல்விளிம்பு இலை, இலை முழுக்க மென்மையான ரோமம், மஞ்சள் பூ. இலையைக் கசக்கினால் கற்பூர மணம் வரும். சீனாவில் இதே செடியிலிருந்து ஒருவகைக் கற்பூரம் எடுக்கிறார்கள். நாட்டின் நடுவிலுள்ள விசாயா தீவுகளில் 'கபொன்' என்பார்கள். இலையை அனலில் வாட்டி நெற்றியில் ஒட்டுவது தலைவலிக்கு. இலை கொதித்த வெந்நீர் பிரசவித்த பெண் குளிக்க. மலையிலும் சமவெளியிலும் பரவலான வழக்கங்கள் இவை. சுகாதாரத் துறை எடுத்துக்கொண்டது வேறொரு பயன்: சிறுநீர் பெருக்கவும், வீக்கம் வடியவும், சிறுநீரகக் கல்லுக்கும். அளவும் காய்ச்சும் முறையும் லகுந்தியைப் போலவே: பெரியவர்களுக்கு உலர்ந்தது 4 அல்லது பச்சை 6 கரண்டி, 7 முதல் 12 வயதுக்குப் பாதி, 3 பங்கு, 3 வேளை. 'சிறுநீரகத்துக்கு நல்லது' என்று பொதுவாகச் சொல்வதுதான் ஆபத்து. சிறுநீரகத் தொற்றுக்கு இது மருந்தாகாது என்று துறையே தனியாக எச்சரிக்கிறது. இடுப்பு வலியோடு குளிர்க்காய்ச்சல் இருந்தால் இலை தேடி அலையக் கூடாது. ஏற்கெனவே சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ ரத்த அழுத்த மாத்திரையோ எடுப்பவர்கள் கேட்காமல் குடித்தால் உடம்பின் உப்புச் சமநிலை தவறலாம்.

நியோக்-நியோகனில்தான் அதிகம் தவறுகிறார்கள். நம் வீட்டு முகப்புகளில் வெள்ளையாகப் பூத்துச் சிவப்பாக மாறும் இரங்கூன் மல்லிதான் இது. 'நியோக்' என்றால் தேங்காய். விதைப் பருப்பு தேங்காய்போல் சுவைப்பதால் அந்தப் பெயர். நமக்கு அழகுக் கொடி, அவர்களுக்கு உருண்டைப் புழுவை வெளியேற்றும் மருந்து. வேலை செய்வது விதைப் பருப்பிலுள்ள குவிஸ்குவாலிக் அமிலம். நன்றாக முற்றி, ஐந்து முகடுகளோடு பழுப்பாகிக் காய்ந்த காயை அப்போதே உடைத்து, பருப்பை நன்கு மென்று தின்ன வேண்டும். இரவு உணவுக்கு 2 மணி நேரம் கழித்து, ஒரே தடவையில். பெரியவர்களுக்கு 8 முதல் 10 விதை. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு வயதைப் பொறுத்து 5 முதல் 7. 4, 5 வயதுக்கு 4 முதல் 5. நாலு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது. புழு விழவில்லை என்றால் மறுநாளே திரும்பக் கொடுக்காமல் ஒரு வாரம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். அளவு மீறினாலோ காயாத பச்சை விதையைத் தின்றாலோ விக்கல், குமட்டல், வயிறு உப்புதல், வயிற்றுப்போக்கு வரும். விக்கல்தான் முதல் அடையாளம். விதை கிடைக்கவில்லை என்று இலையையோ வேரையோ காய்ச்சிக் கொடுப்பது வேறு மருந்தாகிவிடும். மேற்படி கணக்கு அதற்குப் பொருந்தாது. தவிரவும் பூங்காவில் அழகுக்காக வளர்க்கப்படும் அடுக்குப்பூ வகைகள் பலவும் காய்ப்பதில்லை. பூவை மட்டும் பார்த்து நம்பிக்கொண்டிருந்தால் விதை கிடைக்காது.

அகபுல்கோ நம் சீமை அகத்தி. வண்டுகொல்லி என்றும் சொல்வோம். படை, தேமல், சேற்றுப்புண் போன்ற பூஞ்சைத் தோல் நோய்களுக்கு இரு நாட்டிலும் ஒரே பயன், அதனால் அதிகம் விளக்க வேண்டியதில்லை. முற்றிய பச்சை இலையை இடித்துச் சாறோடு பாதித்த இடத்தில் நாளுக்கு 1 முதல் 2 தடவை பூச வேண்டும். கொழுந்து இலை வேண்டாம். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியதும் நிறுத்திவிடுவார்கள், பூஞ்சை தோலுக்குள் மிச்சமிருந்து திரும்ப வரும். தோல் தெளிந்த பிறகும் சில நாட்கள் தொடர வேண்டும். இலையைக் குடித்தால் பேதியாகும். அது இலையிலுள்ள ஆந்த்ராகுவினோன் என்ற வேதிப்பொருள்களின் வேலை. கர்ப்பிணிகள் பக்கமே போக வேண்டாம்.

மீதியை விரைவாகச் சொல்லிவிடலாம். சாங் குபாத் என்றால் 'காட்டுத் தேயிலை'. போன்சாய் வளர்ப்பவர்கள் ஃபுக்கியன் டீ என்று தொட்டியில் வைக்கும் சிறிய இலைப் புதர். நறுக்கிய உலர்ந்த இலை 2 கரண்டி அல்லது பச்சை இலை 3 கரண்டியை 1 தம்ளர் தண்ணீரில் 15 நிமிடம் காய்ச்சி வயிற்று வலிக்குக் குடிப்பார்கள். பன்சித்-பன்சிதன் ஈரச் சுவரோரம், பூந்தொட்டி இடுக்குகளில் வளரும் சாறு நிறைந்த சிறு செடி. பளபளப்பான இதய வடிவ இலை, நூல் போன்ற கதிர். அந்தக் கதிர் நூடுல்ஸைப் போலிருப்பதால் 'பன்சித்' என்ற நூடுல்ஸ் பெயரே செடிக்கும் வந்தது. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கினால் 1½ கப் இலையை 2 தம்ளரில் சிறு தீயில் காய்ச்சி, 3 பங்காக்கி, சாப்பாட்டுக்குப் பின் குடிப்பது வழக்கம், பச்சடியாகவும் தின்பார்கள். சாக்கடையோரம் முளைத்ததைப் பறிக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. யெர்பா புவேனா ஒரு புதினா, வலிக்குக் கஷாயம். பவாங் என்ற பூண்டு ரத்தக் கொழுப்புக்கு, சாப்பாட்டுக்குப் பின் 2 பல். வெறும் வயிற்றில் தின்றால் எரிச்சலும் புண்ணும் வரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களுக்கும் ஆகாது. அம்பலாயா என்ற பாகலில் அவர்கள் அதிகம் நம்புவது இளம் இலையை. காயைவிட இலைக் கஷாயத்துக்கே மருந்துப் பெயர். சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் ரத்தச் சர்க்கரை திடீரென்று கீழே இறங்கலாம்.

பயாபாஸ் இலைக் கஷாயம் புண் கழுவ, வாய் கொப்பளிக்க. பிலிப்பைன்ஸ் சிறுவர்களுக்கு அது 'தூலி'யோடு பிரியாத நினைவு. கிராமத்துச் சுன்னத்துச் சடங்கில் பையன் கொய்யாக் கொழுந்தை மென்று புண்ணின் மேல் துப்புவான். கொய்யா இலைக்குக் கிருமி அடக்கும் தன்மை உண்டு என்பது உண்மை, எச்சிலுக்குக் கிடையாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் கழுவுவதே சரி.

பட்டியலுக்கு வெளியே இருப்பவற்றில் முதலில் சொல்ல வேண்டியது மகாபுஹாய். 'உயிர் தருவது' என்று பொருள். விசாயா பகுதியில் 'பன்யாவன்'. நம் சீந்திலின் நேர் உடன்பிறப்பு, ஆனால் சீந்தில் இல்லை. மலேரியா உட்பட விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குத் தண்டைக் காய்ச்சிக் குடிப்பதும், சொறி சிரங்குக்குத் தேங்காய் எண்ணெயில் தண்டை ஊறவைத்துப் பூசுவதும் பரவலாக நடப்பவை. வாயில் வைக்க முடியாத கசப்பு. தண்டில் நெருக்கமாக மரு மருவாகப் புடைப்புகள் இருந்தால் அது மகாபுஹாய். சீந்தில் தண்டில் தோல் காகிதம்போல் உரியும், இந்த அடர்ந்த மருக்கள் இருக்காது. மகாபுஹாயைத் தொடர்ந்து குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் கெட்டதாகச் செய்திகள் வந்தபோது, இந்த உறவுச் செடி கலந்திருக்கலாம் என்ற வாதமும் எழுந்தது. பூசுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பேன்.

அடுத்தது தாவா-தாவா, நம் அம்மான் பச்சரிசி. டெங்கு வந்தால் பிலிப்பைன்ஸில் முதலில் தேடுவது இதைத்தான், இங்கே பப்பாளி இலையையும் நிலவேம்பையும் தேடுவதுபோல. சுகாதாரத் துறையின் பத்தில் இது இல்லை. செடியைக் கழுவி, வேரை நீக்கி, கொதிநீரில் போட்டு, நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கிறார்கள். உடம்புக்கு நீர் சேர்வது நிச்சயம். பலனில் பெரும் பங்கு அந்த நீருக்குத்தான் என்பது என் கணிப்பு. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் அபாயமான நேரம். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து மயங்குதல் எது தெரிந்தாலும் கஷாயத்தைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

'ஒரேகானோ' என்று அங்கே சொன்னால் பீட்சாவில் தூவும் இத்தாலிய இலையை நினைக்காதீர்கள். கற்பூரவள்ளிதான். இலையை அனலில் வாட்டிப் பிழிந்த சாறு குழந்தையின் இருமலுக்கு. தாய்ப்பால் பெருக 'மலுங்காய்' என்று முருங்கைக்கீரையைக் கோழிக் குழம்பில் போடுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே நம் காதுக்குப் பழகிய ஒலி. 'தித்தா' என்பது ஏழிலைப்பாலை. பட்டையைக் காய்ச்சலுக்குப் பயன்படுத்தினார்கள்; 19-ஆம் நூற்றாண்டில் மணிலாவில் அதிலிருந்து 'டிட்டைன்' என்ற சரக்கை எடுத்துக் மலேரியா மருந்தான கொயினாவுக்கு மாற்றாக முயன்று பார்த்தார்கள். வீட்டில் காய்ச்சும் பட்டை இல்லை அது. மனோபோ உள்ளிட்ட மிந்தனாவ் மக்கள் வெட்டுக்காயத்துக்கு 'ஹகோனோய்' இலையைக் கசக்கி அழுத்துவார்கள், ரத்தம் சட்டென்று நிற்கும். இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து காடெங்கும் பரவிய களைதான். முதலில் புண்ணைத் தண்ணீரால் கழுவ மறந்தால் மண்ணையும் சேர்த்து அழுத்துவதாக ஆகிவிடும்.

'கூகோ' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெரிய கொடி, சில்லு ஆடும் அளவு பெரிய தட்டை விதை. பட்டையைச் சப்பையாக அடித்துக் காயவைத்து, தலைக்குக் குளிக்கும்போது தண்ணீரில் ஊறவைத்துப் பிசைவார்கள். சீகைக்காய்போல் நுரைக்கும், பொடுகுக்கு நல்லது. அய்தா மக்கள் இந்தப் பட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்பதுண்டு. நுரைக்குக் காரணமான சபோனின் மீனைக் கொல்லக்கூடியது. கண்ணில் படக் கூடாது, வயிற்றுக்குள் போகவே கூடாது.

இனி ஆவி பிடித்தல். தகலோக் மொழியில் 'சுஓப்', விசாயாவில் 'துஓப்'. போர்வைக்குள் கொதிக்கும் பானை, இலைகள், உப்பு. நம் வேது பிடித்தலை அப்படியே ஒத்தது; சம்போங், லகுந்தி இலைகள் சேரும். பிரசவித்த பெண்ணுக்கும் செய்வார்கள். 2020-இல் செபு தீவில் கொரோனாவுக்கு எதிராக இதை அரசு அளவிலேயே ஊக்குவித்தபோது சுகாதாரத் துறை மறுத்தது. வைரஸைக் கொல்லும் என்பதற்குச் சான்றில்லை, வெந்நீர் கொட்டித் தீக்காயம் ஏற்படும் ஆபத்து மட்டும் உறுதி. அடைத்த மூக்குக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். பானையை மடியில் வைக்காமல் தரையில் அசையாமல் வையுங்கள்.

இவ்வளவும் நோய்ப் பெயரைக் கொண்டு சொன்னது. அவர்கள் பிரிக்கும் விதம் வேறு. உழைத்துச் சூடான கையைக் குளிர்நீரில் நனைத்தால் வரும் நடுக்கமும் வேர்வையும் 'பாஸ்மா'. நோயிலிருந்தோ பிரசவத்திலிருந்தோ எழுந்தவர் சீக்கிரம் வேலைக்குப் போய்த் திரும்ப விழுந்தால் 'பினாத்'. அந்நியர் கண்பட்டுக் குழந்தை அழுதுகொண்டே இருந்தால் 'உசோக்'. இவை சமவெளியிலும் பரவிய சொற்கள். சூடு, குளிர்ச்சி, கண்ணேறு என்று பேசும் நமக்கு விளக்கமே தேவையில்லை. மருத்துவர்களும் பலவிதம். சமவெளியின் அல்புலாரியோ மூலிகை கொடுப்பவர், மங்கிலோத் உடம்பு பிடித்துவிடுபவர், இஃபுகாவ் மும்பாகி முன்னோரை அழைத்து ஓதுபவர், மனோபோ பைலான் ஆவிகளோடு பேசுபவர். சம்பாலெஸ் அய்தா மக்களின் 'மங்கானிதோ' சடங்கில் நோய்க்குக் காரணமான ஆவியை இரவெல்லாம் ஆடிப்பாடிச் சமாதானப்படுத்துவார்கள். செடியைப் பறிக்கும் முன் அங்கே குடியிருக்கும் ஆவியிடம் அனுமதி கேட்பது பல குழுக்களில் கட்டாயம். சித்த மருத்துவத்தில் மூலிகை எடுக்கும் முன் காப்புக் கட்டிச் சாபநிவர்த்தி செய்வதை அறிந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. அந்தச் சடங்கை நீக்கிவிட்டு இலையை மட்டும் எடுத்துப் பார்க்கும் பட்டியல்களில் எப்போதும் ஏதோ ஒன்று குறைந்தே இருக்கும்.

பெயரை நம்பிச் செடியை வாங்காதீர்கள். மனோபோ மக்களிடம் 'லுனாஸ்' என்ற பெயரில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல செடிகள் உண்டு, ஏனென்றால் 'லுனாஸ்' என்றால் வெறுமனே 'மருந்து'. சில பெயர்களுக்குப் பின்னால் விஷமும் இருக்கிறது. விசாயா தீவுகளில் 'இகாசுத்' என்றும் 'கத்பலோங்கா விதை' என்றும் அழைக்கப்படும் கொட்டையைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள், நுண்ணிய அளவில் மருந்தாகவும் எடுத்தார்கள். 1688-இல் மணிலாவுக்கு வந்த மொராவிய நாட்டு ஏசுசபைத் துறவி கியோர்க் கமெல் வழியாக ஐரோப்பா அதை அறிந்தது, புனித இக்னேஷியஸ் கொட்டை என்று பெயரிட்டது. 1818-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்ட்டியேவும் கவாந்துவும் ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சை முதலில் பிரித்தெடுத்தது இந்தக் கொட்டையிலிருந்துதான். நம் எட்டி மரத்தின் அதே பேரினம். எட்டிக்காயை எப்படிப் பார்ப்பீர்களோ அப்படியே இதையும் பாருங்கள்.

செடிகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் மருந்தின் ஒரு பகுதி. இஃபுகாவ் குடும்பங்கள் வயல்களுக்கு மேலே 'முயோங்' என்ற காட்டுத் துண்டுகளைத் தலைமுறையாகக் காக்கின்றன. விறகு, மரம், மூலிகை மூன்றும் அங்கிருந்து. வடக்கே அப்ரா, அபயாவ் பகுதிகளில் 'லாபாத்' என்ற வழக்கப்படி ஒரு காட்டையோ ஆற்றுப் பகுதியையோ குறிப்பிட்ட காலம் மூடிவிடுவார்கள், யாரும் எதையும் எடுக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு இல்லாத இடங்களில் 'கலிங்காக்' என்ற காட்டு இலவங்க மரம் படும் பாட்டைப் பார்க்கலாம். வயிற்றுக்கு நல்லது என்று பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடுவார்கள், மரம் நின்றபடியே சாகும். கிளையில் ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் எடுத்தால் காயம் ஆறிவிடும். 1991 ஜூன் 15-இல் பினதுபோ வெடித்தபோது அய்தா மக்கள் காட்டையே இழந்து மறுகுடியிருப்புகளுக்குப் போனார்கள். செடி முளைக்காத இடத்தில் அதன் பெயரைப் பேரப்பிள்ளைக்கு எதைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பது?

ஆய்வுக்கோ வணிகத்துக்கோ இந்த அறிவைத் தேடிப் போகிறவர்கள் இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும், இரண்டுமே 1997-இல் வந்தவை. பாரம்பரிய மருத்துவத்துக்கென ஒரு தேசிய நிறுவனத்தை உருவாக்கியது குடியரசுச் சட்டம் 8423. பழங்குடி உரிமைச் சட்டமான 8371, அவர்களுடைய நிலத்தில் செடி சேகரிக்கவும் அவர்களுடைய அறிவைப் பதிவு செய்யவும் சமூகத்தின் முன்கூட்டிய, கட்டாயமில்லாத, விவரமறிந்த சம்மதத்தைக் கோருகிறது. ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதாது. சமூகம் தன் வழக்கப்படி கூடி முடிவெடுக்க வேண்டும், பழங்குடி மக்களுக்கான தேசிய ஆணையம் அதைச் சான்றளிக்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டே பயணத் தேதியைக் குறியுங்கள்.